சட்டமும் சுயக் கட்டுப்பாடும்
(டோம்பிவிலியில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

1972-ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின், புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே உருவாக்கிய 'பானி பஞ்சாயத்' அமைப்பின் விதிகளை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை. பாசனநீர் நிலப்பரப்பைப் பொறுத்ததன்று. ஆளுக்கு அரை ஏக்கர், குடும்பத்திற்கு உச்சவரம்பு 2.5 ஏக்கர். கரும்பு பயிரிடலாகாது. நிலமற்றோர்க்கும் நீரில் பங்குண்டு. செலவில் 20 விழுக்காட்டை உறுப்பினர்களே ஏற்றனர்.

தாமே வகுத்த விதியை மீறுவோரை அண்டை வயல்காரர் எளிதில் அறிவார், ஆய்வாளர் தேவையில்லை. ஆயினும், அமைப்பில் சேராதோரை அது கட்டுப்படுத்தாது. அங்கே சட்டம் இன்றியமையாததாகிறது.

நம் வீட்டுவசதிச் சங்கங்களும் தண்ணீர் முறையை வகுக்கின்றன. அங்கே வாக்குரிமையற்ற வாடகைக் குடித்தனக்காரரின் குரலுக்கும் இடமளித்தால்தான் அது சுயக் கட்டுப்பாடு. இல்லையேல் அதுவும் திணிப்பே.