பேசியது யார்?

பெரியவர்களே, பாய்மார்களே, ஷூ கம்பெனி ஷிப்ட் முடித்து டிபன் பாக்ஸோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! ஆம்பூரில் பிரியாணி போட்டால்தான் கூட்டம் சேரும் என்று ஒருவர் சொன்னார். இன்று பிரியாணியும் இல்லை, காலி நாற்காலியும் இல்லை!

எனக்குக் கொடுத்த தலைப்பு நடிகை ரோகிணி. அனகாபள்ளியில் பிறந்த தெலுங்குப் பெண். குழந்தையிலேயே கேமரா முன்னால் நின்றவர். 'மகளிர் மட்டும்', 'விருமாண்டி', 'பாகுபலி' என்று அந்த முகம் உங்களுக்குத் தெரியும். முகத்தை விடுங்கள். 1995இல் 'பம்பாய்' பார்த்து, மனிஷா கொய்ராலா பேசப் பேச அழுதீர்களே, பேசியது யார்? மனிஷா நேபாளம். குரல் கொடுத்த ரோகிணி ஆந்திரா. தியேட்டரில் நமக்குக் கேட்டதோ தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண்! 1997இல் 'இருவர்'. ஐஸ்வர்யா ராய்க்கு முதல் படம், குரல் ரோகிணி. 2010இல் 'ராவணன்'. அதே ஐஸ்வர்யா, அதே ரோகிணி. உலக அழகியே ஆனாலும் தமிழ் பேச நம்ம ரோகிணி வரணும்!

அந்த 1995ஆம் வருஷத்துத் தெலுங்குப் படம் 'ஸ்த்ரீ'. அதில் அவர் நடிப்பை தேசிய விருதுக் குழு தனியே பாராட்டியது. சரி, 'பம்பாய்' குரலுக்கு? பின்னணி பாடுகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு. பின்னணி பேசுகிறவருக்கு இடமே கிடையாது. தமிழக அரசாவது டப்பிங் கலைஞருக்கு விருது வைத்திருக்கிறது. டெல்லிக்குக் காது கேட்கவில்லை!

வாய் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது என்றதும் முன்வரிசை ஏன் சிரிக்கிறது? நான் யாரையும் சொல்லவில்லையப்பா! ஒரு மேடையில் ஒருவர், எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வாசித்தார். 'இங்கே கைதட்டலுக்கு நிறுத்தவும்' என்பதையும் சேர்த்து வாசித்தார். நிறுத்தினார். ஒருத்தரும் தட்டவில்லை! பேர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

டப்பிங் அப்படிப்பட்ட வேலையா? திரையில் இன்னொருத்தி எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்த எழுத்தில் உதடு ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே, இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று நிஜமாக அழ வேண்டும்.

மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' தெரியுமா? நம்ம 'சந்திரமுகி'க்குத் தாய்வீடு. 1993. ஷோபனாவுக்குத் தேசிய விருது. அவர் நடித்த கங்காவுக்குக் குரல் பாக்யலட்சுமி. கங்கா நாகவல்லியாக மாறித் தமிழில் உறுமுவாளே, அந்தக் குரல்? துர்கா என்கிற தமிழ்நாட்டு டப்பிங் கலைஞர்! அதுவும் பாக்யலட்சுமிதான் என்றே ஊர் நம்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் பாசில் உண்மையைச் சொன்னது 2016இல். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெண்மணி தன் குரலை அடுத்தவர் பேரில் கேட்டுக்கொண்டிருந்தார், ஐயா!

ஜெர்மனியில் ராபர்ட் டி நீரோவுக்குக் குரல் கொடுப்பவர் கிறிஸ்டியன் புரூக்னர். அவர் மேடையில் புத்தகம் வாசித்தால் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். அதே ஜெர்மன்காரர் காலில் நம்ம ஊர் ஷூ. உள்ளே யார் பேர் அச்சடித்திருக்கிறது? ஜோடிக்கு இவ்வளவு என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுத்தாயே தாயே, உன் பேரா?

தலைவர் மணி அடிக்கிறார். அடிக்கட்டும். தேசிய விருதில் டப்பிங் கலைஞருக்கு இடம் வேண்டும் என்று இங்கேயே தீர்மானம் போடுவோம். கையைத் தூக்குங்கள். பின்னால் தூங்குகிற நைட் ஷிப்ட் தம்பி, உன்னையும் சேர்த்துத்தான், தூக்கு கையை!