மாறுகண்: வளரட்டும் என்று விடலாமா?



பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு விடுமுறை நாள்தான் உண்டு. மாறுகண்ணைப் பற்றிப் பேசும்போது இந்த நிலையை மறக்க முடியாது. ஏனென்றால் மாறுகண் சிகிச்சையில் மருந்தையும் கத்தியையும்விடக் காலத்துக்கே மதிப்பு அதிகம். குழந்தையின் கண் விலகியிருப்பதாகச் சந்தேகம் வந்தவுடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், வளரட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்கும்போது, மூளை இரு படங்களையும் ஒன்றாக்கி ஆழத்தையும் தூரத்தையும் கணிக்கிறது. பெரியவர்களுக்குத் திடீரென ஒரு கண் விலகினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். குழந்தையின் மூளையோ விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. வலி இல்லை, குழப்பம் இல்லை, ஆகவே பிள்ளை எதையும் சொல்லாது. ஆனால் ஒதுக்கப்பட்ட கண்ணைக் கொண்டு பார்க்க மூளை கற்காமலே போகிறது. கண்ணில் வேறு பழுது இல்லாமலே பார்வை மங்கும் இந்த நிலையைச் சோம்பல் கண் என்கிறார்கள். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசெல் என்ற விஞ்ஞானிகள் இருவர் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்து ஆராய்ந்தார்கள். பிறகு திறந்துவிட்டாலும் குட்டியின் மூளை அந்தக் கண்ணை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அப்படி நேரவில்லை. பார்வை பற்றிய இவர்களுடைய ஆய்வுகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு அந்த முக்கியமான பருவம் ஏறத்தாழ ஏழெட்டு வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகும் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கலாம். ஆனால் முயற்சி கூடும், பலன் குறையும்.

“பச்சைப் பிள்ளைக்குக் கண் அப்படித்தான் இருக்கும், தானே சரியாகிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. மூக்குத்தண்டு அகலமாக இருக்கும் குழந்தைக்குக் கண் நேராக இருந்தாலும் மாறுகண் போலத் தோன்றும். உண்மையில் விலகியிருக்கிறதா என்று அறிய, டார்ச் வெளிச்சத்தைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்டினால் இரண்டு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் வெண்புள்ளி மின்ன வேண்டும். ஒன்றில் தள்ளி மின்னினால் கண் விலகியிருக்கலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்தால் சும்மா இருக்கும் குழந்தை, மற்ற கண்ணை மறைத்ததும் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், மறைக்காத கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். இவை அறிகுறிகள் மட்டுமே, முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகினால் காத்திருக்கக் கூடாது. அரிதாக, கண்ணின் உள்ளே வளரும் புற்றுநோய்க்கும் மாறுகண் முதல் அடையாளமாக இருக்கும். புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். பிள்ளையைப் பிறர் கேலி செய்யாமல் காக்கும் அன்பு அதில் இருக்கலாம். பார்வையை அந்த நம்பிக்கை காக்காது. அறுவை என்றதும் அஞ்சுகிறவர்களும் உண்டு. எல்லா மாறுகண்ணுக்கும் அறுவை தேவையில்லை. தூரப்பார்வைக் கோளாறால் கண் உள்ளே திரும்பும் பிள்ளைகளில் பலருக்குக் கண்ணாடியே கண்ணை நேராக்கிவிடும். சோம்பல் கண்ணுக்கு, நன்றாகத் தெரியும் கண்ணை ஒட்டுப்போட்டு மறைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். பாதிப்பு மிதமாக இருந்தால் பல பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும், அதை வீட்டிலேயே செய்யலாம். அறுவையிலும் கண்ணை வெளியே எடுப்பதில்லை. அதை இழுக்கும் தசைகளின் இடத்தையோ நீளத்தையோ மாற்றுகிறார்கள். சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும், அறுவைக்குப் பிறகும் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தவறு. சிறு வயதில் இழந்த பார்வை திரும்பாவிட்டாலும், எந்த வயதிலும் கண்ணை நேராக்கலாம். எதிரே நிற்பவரின் முகம் பார்த்துப் பேச முடிவது சின்ன விஷயம் அல்ல. நடுத்தர வயதில் புதிதாக வரும் மாறுகண்ணின் கதை வேறு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண் தசைக்குரிய நரம்பைப் பாதிக்கலாம். அவற்றைக் கட்டுக்குள் வைத்தால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். இமை தொங்குதல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல் சேர்ந்தால் அது அவசர நிலை.

பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போனால் ஒரு நாள் கூலி போகுமே என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சுமையைப் பெற்றோர் மட்டுமே தாங்கக் கூடாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் 1985 முதல் கிளை இருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. 2023 முதல் போடியிலிருந்து தேனிக்கும் மதுரைக்கும் ரயிலும் ஓடுகிறது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சிறார் நல மருத்துவக் குழுக்கள் வருகின்றன. ஆனால் பெற்றோர் மலையில் இருக்கும் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் வீட்டில் இருக்கும் பாட்டியும்தான். தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை, வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையை அவர்கள் கவனித்துச் சொன்னால், போன கூலியை அடுத்த வாரம் சம்பாதித்துவிடலாம். எட்டு வயதுக்குள் மீட்காத பார்வையைப் பின்னால் சம்பாதிப்பது மிகக் கடினம்.