நடக்கும் உரிமையும் நலமாய் வீடு திரும்பும் உரிமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொதுச் சாலையில் நம்மவர் நடக்கவும் தடை இருந்த காலம் ஒன்று உண்டு. அத்தடைக்கு எதிராக 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அவ்வாறு போராடிப் பெற்ற சாலையில் இன்று நம் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கின்றனரா?

பல ஊர்களில் பள்ளி ஒருபுறம். நம் குடியிருப்போ நெடுஞ்சாலைக்கு மறுபுறம். நான் பணிபுரிந்த ஓர் ஊரில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாலையில் பள்ளிவிட்டுச் சாலையைக் கடக்கையில் வேன் மோதிக் கால் முறிந்தாள். ஓராண்டுப் படிப்பு நின்றது. சாலை விதிகளை நான் வகுப்பில் ஓதியிருந்தேன். ஆனால் அவள் வரும் வழியை ஒருநாளும் நடந்து பார்த்தவனல்லன். அக்குறை என்னுடையது.

அன்றுமுதல் கணக்கு வகுப்பிலேயே இதைக் கற்பித்து வருகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்கச் சிறு குழந்தைக்கு 7 நொடி ஆகுமெனில், அதற்குள் வண்டி 110 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ‘தொலைவில்தானே வருகிறது’ என்னும் எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

அடுத்து, மாணவர்கள் தாம் வரும் வழியை வரைபடமாக வரையட்டும். வளைவு, பார்வையை மறைக்கும் புதர், விளக்கில்லாத இடம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். அவ்வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் இயற்றலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் வேகத்தடையும் தெருவிளக்கும் கேட்கலாம். வாய்ச்சொல்லாகக் கேளாதீர்; மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவேன். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பது பாசமாகாது. அவன் விபத்து நேரினும் நேராவிடினும் வண்டியோட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரிடும். நான்கு வயதைக் கடந்த குழந்தை பின்னால் அமர்ந்தாலும் தலைக்கவசம் வேண்டும். தந்தை தலையைக் காத்துக்கொண்டு பிள்ளையின் தலையைத் திறந்து விடலாமா?

இளைஞர்களே! காலையும் மாலையும் இருவர் இருவராகச் சாலையோரம் நின்று, பிள்ளைகளைக் கூட்டமாகக் கடத்தி விடுங்கள். விபத்து நேர்ந்தால் வேடிக்கை பாராது 108ஐ அழையுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் அரசுத் திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் உண்டு என்பதை வீடுதோறும் சொல்லுங்கள்.

காலையில் பள்ளிக்குச் சென்ற குழந்தை மாலையில் தாயின் கையை வந்து பற்றும்போதே அன்றைய கல்வி நிறைவு பெறுகிறது. அந்நிறைவைக் காப்பதும் இச்சங்கத்தின் கல்விப் பணியே.