கோட்டை நெல்லும் நாட்டு வருமானமும்



விவசாயத்தை நம்பியிருக்கும் வளரும் நாட்டின் பொருளாதாரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இரண்டு எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ 20 விழுக்காட்டுக்கும் கீழே. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல உண்டு. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து, கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வரப்புகளில் நடந்தவன் என்பதால் எனக்குக் கண்ணெதிரே தெரிந்த ஒன்றை மட்டும் பேசுகிறேன்: விளைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல விலைக்காகக் காத்திருக்க நம் விவசாயியால் முடிவதில்லை.

விளைவிக்கத் தேவையான தண்ணீருக்கு நம் முன்னோர் வழி செய்து வைத்தார்கள். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1906-இல் கட்டி முடித்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அந்த அணையின் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.  அணையில் திறந்த தண்ணீர் புத்தன் அணையில் பிரிந்து, தோவாளைக் கால்வாய், அனந்தனாறு என்று ஓடி வந்து நம் வயலுக்குள் நுழைகிறது. 48 அடி அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று காலையில் பேப்பரைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது, இல்லையா? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நமக்கு.

அந்த மழைதான் கன்னிப்பூ அறுப்பில் சோதிக்கவும் செய்கிறது. ஆவணி, புரட்டாசியில் நெல் ஈரத்தோடு களத்துக்கு வருகிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். திருப்பதிசாரம் பக்கத்தில் ஓர் அறுப்புக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இரண்டு நாள் காய விட்டால் அரசு விலை கிடைக்குமே அம்மா" என்றேன். "சாரே, வெயிலுக்கு நான் எங்க போவேன்? மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. அறுத்த மிஷினுக்கு வாடகை கொடுக்கணும். துட்டு இன்னைக்கே வேணும்" என்றார். சாயங்காலம் வியாபாரியின் லாரி வந்தது. அவர் சொன்ன விலைக்கே நெல் ஏறிப்போனது.

கணக்கைப் பாருங்கள். நம்மூரில் நெல்லை அளக்கும் கோட்டை 87 கிலோ. 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு சாதா ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் அறிவித்தது. அப்படியானால் கோட்டைக்கு 2,175 ரூபாய். அதில் வியாபாரி குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் காயவைக்க இடமில்லாததால் போகும் ரூபாய். அந்த அம்மா விதைத்ததிலோ களை பறித்ததிலோ ஒரு குறையும் இல்லை. இப்படி வருஷா வருஷம் போனால் விவசாயிகள் வயலைத் தென்னைக்கும் வாழைக்கும் மனைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இன்று ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 6,500 ஹெக்டேரில்தான் மாவட்டத்தில் நெல் நிற்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோவாளைப் பூச்சந்தையில் காத்திருக்க முடியாத இந்த நிலை இன்னும் கடுமை. பிச்சிப் பூவும் மல்லிகையும் ஒரு நாள்கூடத் தாங்காது. கேரளத்து ஓணமும் முகூர்த்த நாளும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஓரளவு வசதி உண்டு. பாலை ஷீட் அடித்துப் புகையில் உலர்த்திவிட்டால் சில மாதம் வைத்திருக்கலாம். ஆனால் அந்த விலை உலகச் சந்தையோடு கட்டுப்பட்டது. 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. அதைத் தாங்கத் தோட்டக்காரருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதைப் பேச இன்று நேரமில்லை.

நெல்லுக்கான தீர்வு நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு ஒரு நல்ல உலர்களம், மழைக்காலத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரம், நெல்லை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் கிட்டங்கி. அவ்வளவு பெரிய அணையைக் கட்டிய மண்ணில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நேயர்களே, ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். கன்னிப்பூ அறுப்புக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. தவறாமல் போங்கள், வயல் இல்லாதவர்களும் போங்கள். உலர்களம் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.