சந்தா கட்டியவர்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண் கல்வியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். தொழில் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் எத்தனையோ பேரை ஒரு தாயின் கொழுந்துச் சம்பளம்தான் படிக்க வைத்தது. அந்தச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தாவும் போனது. அந்தச் சந்தா என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதுதான் என் பேச்சு.

நம் பள்ளி தொடங்கிய 1925 இல், துண்டு முறை ஒழிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். இன்னொரு கங்காணி அந்தக் கடனைக் கட்டிக் குடும்பத்தை அழைத்துப் போவார். தோட்டம் மாறும், கடன் மாறாது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் 1927 இல் வந்தது. அந்தச் சட்டமே ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு என்று எழுதி வைத்தது.

அப்போது தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல உள்ளே நுழைந்து நிலைமையைப் பார்த்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. 1931 இல் அவர் சம்மேளனம் தொடங்கியது வேறெங்குமில்லை, இந்த ஹட்டனில்தான். அவருடைய மனைவி மீனாட்சியம்மாளைப் பற்றி நாம் அவ்வளவு பேசுவதில்லை. மேடையில் பிரசங்கம் செய்தால் கொஞ்சப் பேர்தான் நிற்பார்கள். பாட்டுப் பாடினால் லயமே திரண்டு வரும். இதைத் தெரிந்துகொண்டு, சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதி, பாடி, அச்சடித்தும் பரப்பியவர் அவர். மலையகத்துப் பெண்ணின் அரசியல் குரல் என்று தேடினால் முதலில் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நம் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அவர் இல்லை. புதிய நூலகத்திலாவது மாட்டுங்கள் என்று அதிபரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே வருடம் நடந்த போராட்டங்களுக்குப் பிறகுதான் தோட்ட முதலாளிமார் சங்கங்களை ஏற்றுக்கொண்டு, ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னால் வாக்குரிமையும் போயிற்று. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு நம்மவர்கள் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சங்கத்தைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை. சங்கத் தலைவர்களை இன்று நாம் எவ்வளவு குறை சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்லக்கூடாது.

இனி 1984. அதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் வேறு வேறு. ஒரே மலையில் வேலை, பெண்ணுக்கு நேரம் கூட, ஆனால் 'பேர்' விழும்போது காசு குறைவு. பல தோட்டங்களில் அந்தக் காசையும் புருசனோ தகப்பனோதான் போய் வாங்குவார். அந்த ஏப்ரலில் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்தின. காலம் பார்த்துச் செய்த காரியம் அது. உலகச் சந்தையில் தேயிலை விலை ஏறியிருந்தது. மழை விழுந்து கொழுந்து துளிர்க்கும் பருவம். ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும், தொழிற்சாலைக்கு உதவாது. நிலக்கரியானால் நிலத்துக்குள் காத்திருக்கும், கொழுந்து காத்திருக்காது. அதுதான் கூடை தூக்கும் பெண்ணின் கையில் இருந்த பலம். அந்தப் போராட்டத்தின் பின்னர் சம்பளம் சமமானது.

என் அம்மா அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. "இனி கங்காணிகிட்ட ஆம்பள பேர் எவ்வளவு, பொம்பள பேர் எவ்வளவுன்னு கேக்க வேணாம், ஒரே கணக்கு" என்று மட்டும் சொன்னா. ஆனால் அந்த மாதத்திலிருந்து சம்பளத்தைத் தானே போய் வாங்கத் தொடங்கினா.

அன்று கொழுந்தை நிறுத்தியவர்களில் பெரும்பகுதி பெண்கள். இன்றும் பறிப்பவர்கள் அவர்கள்தான். தோட்டத் தலைவர் மட்டும் ஆண். மாதர் தலைவி என்று ஒருவர் இருப்பார், மே தினத்துக்குப் பஸ்ஸில் ஆள் ஏற்றுவது அவருக்குக் கொடுத்த வேலை. கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான பத்திரிகைப் படங்களை எடுத்துப் பாருங்கள், அவற்றில் பெண் முகத்தைத் தேடத்தான் வேண்டும். மலசலகூடமில்லாத மலை, நிறுவையில் சாக்குக்கென்று கழிக்கும் கிலோ, பிள்ளைக் காம்பிராவின் நிலை எல்லாம் பேச்சுவார்த்தை மேசையில் கடைசி நிமிடத்துக்குத் தள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்து மூணாறிலும் நம்மைப் போலத் தமிழ் பேசும் பெண்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் அவர்களுடைய போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். தங்கள் சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, பழைய 20 சதவீதத்தைப் பெற்றுத்தான் எழுந்தார்கள். நம் தலைவர்கள் அந்தச் செய்தியைக் கவனமாக வாசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது சம்பளச் சீட்டுக்கு வருவோம். 2016 ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500 தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வேலைக்குப் போகும் நாள் குறைந்தால் வரவுக் கொடுப்பனவு போய்விடும், கிலோ குறைந்தால் உற்பத்திக் கொடுப்பனவு போய்விடும். சேமலாப நிதியும் அந்த 500 க்குத்தான் கணக்கு. ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2018 இல் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு நின்ற நம் பிள்ளைகள் அதை அடிப்படைச் சம்பளமாகக் கேட்டதன் அர்த்தம் இதுதான். 2019 இல் அடிப்படை 700 ஆனது. 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் வந்தது, கூட்டு ஒப்பந்தம் காலாவதியானது. 2024 இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் 1,350.

வர்த்தமானி சம்பளத்தை மட்டுமே சொல்லும். எத்தனை கிலோவுக்கு முழுப் பேர், எத்தனைக்கு அரைப் பேர், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் பேசித் தீர்க்கும் விசயங்கள். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானிக்கிறது. தலைநகரத்தில் சம்பளம் கூடிய செய்தி வந்த அதே வாரம் மலையில் கிலோவும் கூடினால், கூடியது எது?

இதைக் கண்டுபிடிக்கச் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். நம் பழைய மாணவிகளில் கணக்காளர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள். தோட்டங்களில் 10 ஆம் திகதி சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிறு காலை இந்த மண்டபத்தைத் திறந்து தர அதிபர் சம்மதித்திருக்கிறார். சீட்டோடு வரும் பெண்களுக்குப் பேர் சரியா, சேமலாப நிதி போகிறதா, சந்தா எந்தச் சங்கத்துக்குக் கழிக்கப்படுகிறது, அந்தச் சங்கத்தை அவரே தேர்ந்தெடுத்தாரா என்று பார்த்துச் சொல்வோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியிலும் உதவலாம். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், தேநீருக்குப் போகும் வழியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.