எந்த அணி நம் அணி?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அடியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தனாய்ச் சேர்ந்தவன். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குள் நான் காலடி வைத்ததெல்லாம் அதன் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்கத்தான்.

அமெரிக்க நாட்டில் கல்லூரி அணிகள் பந்தாடும் பருவம் ஊர்த் திருவிழாவுக்கு ஒப்பானது. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர இடமுண்டு. அங்கே படித்தவரோடு, படிக்காத ஊராரும் அதனை 'எங்கள் அணி' என்றே உரிமை கொண்டாடுவர். ஓர் அணி யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி நமக்கும் உண்டு. தமிழகமும் கேரளமும் மோதும் நாளில் நம் பிள்ளைகள், "அப்பா, நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்களே! அதற்கு விடை தேடுகையில் 1973ஆம் ஆண்டின் பந்தாட்டப் பருவம் என் கருத்தில் எழுந்தது. நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. பெரியோர் சொல்லக் கேட்டும், படித்தும் அறிந்தேன்.

சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941இல் தொடங்கியது. 1956இல் உருவான கேரள மாநிலத்துக்குப் பதினேழு ஆண்டுகளாக அக்கோப்பை எட்டாக் கனியாகவே இருந்தது. 1973இல் போட்டி எர்ணாகுளத்திலேயே நடந்தது. டிசம்பர் 27ஆம் நாள், நான் முன்னர்ச் சொன்ன அதே கல்லூரி மைதானத்தில் இறுதியாட்டம். எதிரே நின்றது யார்? நமக்குச் சோறு போடும் இரயில்வே! 1961-62, 1964-65, 1966-67 என மும்முறை கோப்பை வென்ற வலிய அணி. கேரள அணியின் தலைவர் மணி, கண்ணூர்ப் பக்கத்துக்காரர். நம் ஆலுவாவை அடுத்த உத்யோகமண்டலத்து ஃபாக்ட் உரத் தொழிற்சாலை அணியில் ஆடியவர். கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் மணியே!

அவ்வணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? திருச்சிராப்பள்ளிச் சீமை தந்த சைமன் சுந்தரராஜ்! 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்தவர். அதன்பின் நம் கால்பந்து அணி ஒலிம்பிக் களம் காணவில்லையாதலால், அங்கே இந்தியா அடித்த கடைசி கோல் இன்றளவும் அவருடையதே. அத்தகைய தமிழர், தாம் கற்ற வித்தையைக் கேரளத்துப் பிள்ளைகளுக்கு வஞ்சனையின்றி வழங்கினார். அவ்வணியில் ஆடிய ஜாஃபர், பிற்காலத்தில் தாமே பயிற்சியாளராகி 1991-92, 1992-93 ஆகிய ஈராண்டும் கேரளத்துக்குக் கோப்பை பெற்றுத் தந்தார். 2022 வரை கேரளம் ஏழு முறை வென்றிருக்கிறது. அந்த வரிசையின் முதற் கோப்பையில் ஒரு தமிழரின் வியர்வையும் உண்டு.

அன்பர்களே! அன்று அம்மைதானத்தில் இருந்த இரயில்வேத் தமிழர் எந்தப் பக்கம் கைதட்டினரோ, அறியேன். நெஞ்சு இருபுறமும் இழுத்திருக்கும். அதில் குற்றமில்லை. பிறந்த மண்ணின் அணி வென்றால் மகிழ்வோம். சோறு போடும் அணியையும் வாழ்த்துவோம். ஆயினும், எந்த மண்ணில் வாழ்கிறோமோ அந்த மண்ணின் அணிக்கு நம்மால் ஆனதைச் செய்வதே கடமை. சைமன் சுந்தரராஜ் செய்து காட்டியது அதுதான்.

நம் காலனியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாலையில் நம் பிள்ளைகள் சுற்றுச்சுவருக்கு உள்ளே ஆடுகிறார்கள். மலையாளப் பிள்ளைகள் வெளியே ஆடுகிறார்கள். நம் ஆண்டு விழாப் பந்தயங்களிலும் உறுப்பினர் மக்களுக்கு மட்டுமே இடம். இப்படியே போனால், பத்தாண்டு இங்கே வாழ்ந்தும் அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயர் அறியாதவர்களாய் அவர்கள் வளர்வார்கள். இது நமக்கு அழகாகுமா?

எனவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் ஒரு கால்பந்துப் போட்டி வையுங்கள். அணிகளைத் தமிழர், மலையாளி என்று பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பந்து வாங்கும் செலவு என்னுடையது. அன்று எந்தப் பிள்ளையும், "நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்க நேராது.