‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதியது யார்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட சட்ட வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. கவிதை எழுதுகிறவன். சம்பளத்துக்கு பேங்கில் குமாஸ்தா. பேங்கில் ஒருவர் கணக்கிலிருந்து நூறு ரூபாய் பற்று எழுதினாலும் அதற்கு வவுச்சர் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாத பற்று தணிக்கையில் நிற்காது. போக்குவரத்து வழக்கில் நம்ம ஜனங்கள் கட்டுகிற அபராதத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பணம் போயிருக்கிறது. அதற்கான வவுச்சர் எங்கே இருக்கிறது? அதில் என்ன எழுதியிருக்கிறது? எழுதியது யார்?

வன்கொடுமை வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வரிக்கு வரி படிக்கிறோம். படிக்கத்தான் வேண்டும். ஆனால் அரசு நம் தெருவுக்கு அன்றாடம் வந்து சேர்வது பெரிய வழக்குகளின் வழியாக அல்ல. ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, குடித்திருந்தான். இவைதான் பெட்டி கேஸ். சின்ன வழக்கு என்ற பெயராலேயே அதை மூடிய பெட்டியாக விட்டுவிட்டோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இது சின்னதும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 181-ம் பிரிவில் அபராதம் 5000 ரூபாய். முன்பு 500. கூலிக்குப் போகிறவனுக்கு இது பல நாள் சோறு.

முதலில் இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். போலீஸ்காரர் ரோட்டிலேயே வாங்குகிற ‘ஸ்பாட் ஃபைன்’ 200-ம் பிரிவின்படி நடக்கிற சமரசத் தொகை. அதைக் கட்டியதும் விஷயம் முடிகிறது. கோர்ட் விசாரணை இல்லை, தண்டனைத் தீர்ப்பும் இல்லை. ரசீதுதான் ஆவணம். ரசீது தராமல் வாங்கிய பணத்துக்குப் பெயர் வேறு! இரண்டாவது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விதிக்கிற அபராதம். இது தண்டனை. இதற்கு வழக்கு எண் உண்டு, பதிவு உண்டு. பெரும்பாலும் எஸ்.டி.சி. என்று தொடங்கும் எண், அதாவது சுருக்க விசாரணை வழக்கு. "ஃபைன் கட்டிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்கே கட்டினே? ரோட்டுலயா, கோர்ட்டுலயா?"

எங்கே தேடுவது? இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள சலான் தெரியும். அங்கிருந்து மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்தத் தளத்திலும் வண்டி எண், சலான் எண், பெயர் எதைக் கொண்டும் தேடலாம். அங்கே இரண்டு வழி காட்டுவார்கள்: அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்த்து நடத்துகிறேன். முதலாவதை அழுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். நேரடிக் கோர்ட் வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் கோர்ட், வழக்கு வகை, எண், ஆண்டு கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். குறியீடு உண்டு. அதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டாலே போதும்.

திரையில் தெரிவது முழு ஆவணம் அல்ல. கோர்ட் ஆபீசில் வழக்கு எண்ணைச் சொல்லி, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவருக்கு நகல் கேட்கும் உரிமை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ம் பிரிவில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 363. வழக்கில் சம்பந்தப்படாத நாமும் கேட்கலாம். ஆனால் உயர்நீதிமன்ற விதிப்படி, காரணம் காட்டி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கோர்ட் நகல் கிடைக்காது. கோர்ட் விதி வழியாகத்தான் வர வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசிடம் தகவல் உரிமை மனு போடலாம். எந்தச் சாலையில் எத்தனை வழக்கு, எந்தப் பிரிவில், எந்த மாதத்தில் என்ற கணக்கை அங்கே கேளுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். கோர்ட் பதிவுகளுக்கு ஆயுள் உண்டு, காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

நகல் கைக்கு வந்தாச்சு. எப்படிப் படிப்பது? சுருக்க விசாரணையில் என்னென்ன பதிய வேண்டும் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. பழைய 263, இப்போது 286-ம் பிரிவு. வரிசை எண், குற்றம் நடந்த தேதி, புகார் தேதி, புகார் கொடுத்தவர் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தகப்பன் பெயர், முகவரி, சாட்டிய குற்றம், அவர் சொன்ன பதில், முடிவு, தண்டனை, முடிந்த தேதி.

தேதிகளைப் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குக் கோர்ட் ஏற்கும் காரணம் இருந்தால்தான் விலக்கு. சாட்டிய பிரிவும் தண்டித்த பிரிவும் ஒன்றுதானா பாருங்கள். குடித்து ஓட்டிய வழக்கு என்றால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று கருவி காட்டிய அளவு எங்கே பதிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அவர் சொன்ன பதில் என்கிற கட்டம். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்.’ இரண்டே சொல். கூண்டில் நிற்பவர் என்ன சொல்லியிருப்பார்? "கட்டிடறேங்கய்யா, வேலைக்குப் போவணும்." பணம் கட்டுகிறேன் என்பதும் குற்றம் செய்தேன் என்பதும் ஒன்றா? ஒன்றில்லை. ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவர் பயன்படுத்திய சொற்களிலேயே, முடிந்தவரை, பதிய வேண்டும் என்று பழைய 252, இன்றைய 275-ம் பிரிவு சொல்கிறது. நம் பேச்சு எழுத்தாகிறபோது நம் சொல் காணாமல் போய் அதிகாரத்தின் சொல் உட்கார்ந்துகொள்கிறது. கவிதை எழுதுகிற எனக்கு இதைவிடப் பெரிய எழுத்து அரசியல் தெரியாது.

இந்த இரண்டு சொல்லின் விலை அபராதத்தோடு முடியவில்லை. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு கேட்க முடியும். நான் செய்யவே இல்லை என்ற கதவு மூடிப்போகிறது. குடித்து ஓட்டிய வழக்கில் முதல் தடவை 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். இரண்டாம் தடவை 15,000 அல்லது இரண்டு வருடம் வரை. அவசரத்தில் ‘ஆமாங்கய்யா’ சொன்ன முதல் வழக்குதான் அடுத்ததை ‘இரண்டாம் தடவை’ ஆக்குகிறது. விபத்து வழக்கில் டிரைவர் ஒப்புக்கொண்டால் நஷ்டஈட்டு வழக்கில் அதையே அவர்மீது சாட்சியமாக நீட்டுவார்கள்.

ஒரு காகிதத்தைப் படித்தால் ஒருவருக்கு உதவலாம். நூறு காகிதத்தைச் சேர்த்துப் படித்தால் அரசைப் படிக்கலாம். இதற்கு அமெரிக்கக் கறுப்பர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்ற சின்ன நகரம், சுமார் 21,000 பேர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர் கொதித்தது. அடுத்த மார்ச்சில் மத்திய நீதித்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை பெருமளவுக்கு நின்றது நகரக் கோர்ட்டின் சில்லறைக் காகிதங்களின்மேல். மக்களில் கறுப்பர்கள் 67 விழுக்காடு. நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85, அபராதச் சீட்டுகளில் 90, கைதுகளில் 93 விழுக்காடு அவர்கள். ஒரு கறுப்புப் பெண் 2007-ல் வண்டியைத் தப்பாக நிறுத்தியதற்கு 151 டாலரும் கட்டணங்களும் விதித்தார்கள். தவணை தவறத் தவற அபராதம் ஏறியது. இருமுறை கைதாகி, ஆறு நாள் சிறையிருந்து, 550 டாலர் கட்டிய பிறகும் 2014 டிசம்பரில் அவர் பாக்கி 541 டாலர்! வட்டிக்கடைக்காரன்கூட இப்படிக் கணக்கு எழுதமாட்டான். அபராதத்தை நகரத்தின் வருமானமாகவே நடத்தினார்கள் என்பது அந்தக் காகிதங்களிலிருந்துதான் வெளியே வந்தது.

அங்கே சீட்டில் இனத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, எண்ணிவிட்டார்கள். இங்கே நான் சொன்ன பட்டியலில் சாதிக்குக் கட்டம் இல்லை. ஆகவே சாதி இல்லை என்று அர்த்தமா? முகவரிக் கட்டம் இருக்கிறதே! ஊர் எது, சேரி எது என்று தெருப் பெயர் சொல்லிவிடும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழைய பதிவுகளில் அது அப்படியே கிடக்கும். ஆனால் கவனம். எல்லாக் காலனியும் சேரி அல்ல. பெயரை வைத்துச் சாதியை ஊகிக்கவும் கூடாது. உள்ளூர்க்காரரைக் கேட்டு உறுதி செய்த முகவரியை மட்டும் எண்ணுங்கள். சம்பவ இடத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். செக்கிங் எந்த முனையில் நிற்கிறது? ஊர்த் தெரு முனையிலா, நம்ம தெரு முனையிலா? ஆட்களின் பெயரை வெளியிடாதீர்கள், கணக்கை மட்டும் வெளியிடுங்கள். நாம் நினைத்த விடை வராமலும் போகலாம். வராவிட்டால் அதையும் எழுதுங்கள். பொய்க் கணக்கு எழுத நமக்கு அவசியம் இல்லை.

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு வருடத்து எஸ்.டி.சி. வழக்குகளைத் தேடி, தேதி, பிரிவு, இடம், முகவரி, பதில், தொகை என்று ஆறு கட்டம் கட்டி எழுதுங்கள். கோர்ட்டுக்குப் போகும் நம்ம ஆளோடு ஒருவர் கூடப் போய் நில்லுங்கள். மாஜிஸ்திரேட் கேட்கும்போது அவர் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அவர் முடிவு. ஆனால் ‘கட்டிடறேன்’ என்ற சொல் ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாறுவதைத் தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்கட்டும்.